“நான் ஏன் இப்படி இருக்கிறன்?” என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது. எட்டு மாதத்துக்கு முன்னர் பெரியபிள்ளையானாள். அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னாலேயே நிற்கிறாள். டியூசனுக்குப் போகமாட்டேன் என்கிறாள். இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். போன வாரம் அவளுடைய தலையணைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கிரீம் டியூப் கிடந்திருக்கிறது. கேட்டதற்கு, “நான் ஏன் இப்படிக் கறுப்பா, குண்டா இருக்கிறன்? மச்சாள் மட்டும் ஏன் அப்படி இல்ல?” என்று அழுதிருக்கிறாள். “நீ வடிவுதான் மகள் என்று எத்தனை தரம் சொன்னாலும் நம்புகிறாள் இல்லை. நான் அவளிடம் என்ன சொல்ல?” என்பதுதான் கேள்வி.

நான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் 25 வருடத்துக்கு மேல் படிப்பித்தவள். அதில் பாதிக் காலம் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருந்தேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த தாய்மார் நிறையப் பேர். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உம்மாமாரும் வந்தார்கள். சடங்கும் உடுப்பும் வேறுபட்டாலும் பிள்ளையின் அழுகை ஒன்றுதான்.

தங்கச்சி, முதலில் அந்தக் கிரீம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. டியூப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீரொய்ட். தோல் வருத்தத்துக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்து, சொன்ன நாளைக்கு மட்டும் பூசுகிற மருந்து அது. முகத்தில் வாரக்கணக்காகப் பூசினால் முதலில் வெளுத்த மாதிரித் தெரியும். பிறகு தோல் மெலியும், சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் மயிர் வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பிள்ளைகள் மறுபடி பூசுகிறார்கள். செய்தவர் பெயரே இல்லாத டப்பிக் கிரீம் என்றால் பாதரசம் கலந்திருக்கக்கூடும். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். ஆகவே பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தாதீர்கள். டியூப்பையும் எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்குக்குப் போங்கள். வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று விசாரணை வைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தின்னக் கொடுத்த சில்லறையைத்தான் மிச்சம் பிடித்திருப்பாள். பசியோடு இருந்து வாங்கியிருக்கிறாள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, “நீ வடிவுதான்” என்று சொல்லியும் ஏன் ஏறுகிறது இல்லை என்று பார்ப்போம். அது அவளுக்கு இன்னொரு மார்க் போட்ட மாதிரித்தான் கேட்கும். பெரியம்மா 40 போட்டார், அம்மா பாவம் பார்த்து 80 போடுகிறார். மார்க் போடுகிற வேலை நின்றபாடில்லை. தன் உடம்பு எப்போதும் யாரோ திருத்துகிற விடைத்தாள் என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை. என்னைக் கேட்டால் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, அவளுடைய உடம்புக்கு மார்க் போடுவதை எல்லாரும் நிறுத்துவது. நல்ல மார்க்கும் வேண்டாம்.

ஒரு தரம் 9ஆம் தரப் பிள்ளைகளிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், இந்த வாரம் உங்கள் உடம்பைப் பற்றி யாராவது சொன்னதை மட்டும் எழுதுங்கள், யார் சொன்னது என்றும் போடுங்கள் என்றேன். பொடியன்மார் சொன்னதுதான் நிறைய வரும் என்று நினைத்துக்கொண்டு விரித்துப் பார்த்தேன். அம்மம்மா, மாமி, பெரியம்மா, அண்ணா, பக்கத்து வீட்டு அக்கா என்றே வந்தது. “புள்ள கறுத்துப் போச்சு கா, வெயிலுக்குள்ள விடாதீங்க.” “உடம்பு வச்சிட்டு, சோத்தக் குறைங்க.” “பல்லு கொஞ்சம் மிதப்பு, சிரிக்கக்குள்ள வாயப் பொத்து.” ஒரு தாளில் வெறுமனே “எருமக்கன்று – அப்பா, செல்லமா” என்று இருந்தது. அந்தச் ‘செல்லமா’வைப் பிள்ளை தானாகவே சேர்த்து எழுதியிருந்தாள். தகப்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

இதுதான் இதில் கஷ்டம். அன்போடு சொல்கிறார்கள். பகைத்தவர் சொன்னால் பதிலுக்கு ஏசிவிட்டுப் போகலாம். மடியில் வைத்து வளர்த்த அம்மம்மா சொன்னால் பிள்ளை எங்கே போவாள்? உண்மை என்று எடுத்துக்கொள்வாள்.

அடுத்த தரம் மாமி வந்து அப்படி ஒரு கதை எடுத்தால் சிரித்துச் சமாளிக்காதீர்கள். மரியாதையாகவே சொல்லலாம்: “மாமி, அவள்ட நிறத்தப் பத்தி, உடம்பப் பத்தி இனி வீட்டில கதைக்கிறல்ல எண்டு முடிவெடுத்திருக்கம்.” மாமி கோபிப்பார், இரண்டு நாள் வரமாட்டார், மூன்றாம் நாள் தேங்காய்ப்பூ கடன் வாங்க வருவார். இதை மகள் காதுபடச் சொல்வதுதான் முக்கியம். அவள் போன பிறகு தனியாகச் சொன்னால் மாமிக்குத்தான் விளங்கும். மகளுக்கு முன்னால் சொன்னால், தனக்காக ஒருவர் வாய் திறந்தார் என்பது அவள் மனதில் நிற்கும். அதற்கு முன் உங்கள் வாயையும் ஒரு தரம் பாருங்கள். சேலை உடுக்கும்போது “நான் ஊதிப்போனன், எனக்கு இனி எது வடிவு” என்று சொல்கிற பழக்கம் இருக்கிறதா? பெண்ணாய் இருப்பது என்றால் தன் உடம்பைத் தானே பழிப்பது என்று அவள் உங்களிடமிருந்துதான் படிக்கிறாள்.

அடுத்தது, அவளுடைய உடம்பில் இப்போது என்ன நடக்கிறது என்று யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வயதுக்காரர் பலர் பெரியபிள்ளையானது இடம்பெயர்ந்து இருந்த காலத்தில். துணி மாற்றவே மறைவு இல்லாத இடத்தில் யார் இருந்து விளக்கம் சொல்வது? உங்கள் அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் இப்போது சொல்லலாம்.

பெண்பிள்ளைக்கு உடம்பு மாறத் தொடங்குவது 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில். மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதுவும் 10 வயதிலும் வரும், 15 வயதிலும் வரும், இரண்டும் சரிதான். அந்த நேரத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது ஹோர்மோனின் வேலை, சோற்றின் குற்றம் இல்லை. ஒரு பக்க மார்பு முந்தி வளர்வதும் உண்டு. மச்சாள் ஒருத்தி மெலிவாக இருக்கிறாள் என்றால் அவளுடைய நேரம் இன்னும் வராமல் இருக்கலாம், அல்லது அவளுடைய எலும்பமைப்பு அப்படி. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மாதவிடாய் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். இரத்தம் ஏழு நாளுக்கு மேல் போனால், ஒரு பேட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்துவிட்டால், நோவில் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். “பொம்பிளப்பிள்ளைக்கு இதெல்லாம் இருக்கும்தான்” என்று விட வேண்டாம்.

நிறத்துக்கும் கணக்கு இருக்கிறது. கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனினைச் செய்கிற கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின் நம்முடைய கடற்கரை வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றுகிறது. இதைப் படம் கீறிக் காட்டிய நாளில் ஒரு பிள்ளை, “அப்ப டீச்சர், இது ஊத்தை இல்லையா?” என்று கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. கழுத்தடியைச் செங்கல்லால் தேய்த்து உரித்து வைத்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டை விடுகிறாள் என்றீர்கள். சண்டை பிடித்து ஊட்டினால் இன்னும் இறுகும். மெலிவு, பருமன் என்ற சொற்களை விட்டுவிட்டு இரத்தத்தைப் பற்றிக் கதையுங்கள். மாதாமாதம் இரத்தம் போகிற உடம்புக்கு இரும்புச் சத்துக் குறைந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், படித்தது நிற்காது. மீன், நெத்தலி, முட்டை, முருங்கை இலைச் சுண்டல், பயறு எல்லாம் நம் வீட்டிலேயே இருப்பவை. சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி பட்டால் இரும்பு நன்றாகச் சுவறும், பிளேன் டீ குடித்தால் குறையும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இரும்புச் சத்துக் குளிசையைப் பிள்ளைகள் ஜன்னலால் எறிவதை நானே கண்டிருக்கிறேன். எறியாமல் குடிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வருகிற மிட்வைஃப் மிஸ் இதையெல்லாம் உங்களைவிட நன்றாகச் சொல்வார். அவரைத் தெரிந்த அக்கா மாதிரி வீட்டுக்குக் கூப்பிட்டு மகளோடு தனியாகக் கதைக்கவிடுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னர் நடந்த சாமத்தியச் சடங்கையும் கொஞ்சம் கதைக்க வேண்டும். நான் அந்தச் சடங்குக்கு எதிரி இல்லை. சின்ன வயதில் எனக்கும் மாமி தண்ணீர் வார்த்தார். வளவு நிறையப் பெண்கள், உழுத்தங்களி, நல்லெண்ணெய், ஒரே குரவைச் சத்தம். பயந்துபோய் இருந்த பிள்ளையைச் சுற்றிப் பெண்கள் கூடி, “நீ தனியாக இல்லை, நாங்களும் இந்த வழியால்தான் வந்தோம்” என்று காட்டுகிற காரியம் அது. இப்போது பல இடங்களில் அது மண்டபத்துக்குப் போய்விட்டது. சந்தியில் பேனர். அதில் 12 வயதுப் பிள்ளை கலியாணப் பெண் மாதிரி. அந்தச் சந்தியால்தான் அவள் வகுப்புப் பொடியன்மார் சைக்கிளில் பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

ஒரு பிள்ளை தன் அல்பத்தை என்னிடம் காட்டக் கொண்டுவந்தாள். நல்ல கனமான அல்பம், வெல்வெட் உறை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். முகம் முழுக்கப் பூச்சு, அதற்கு மேல் கொம்பியூட்டரில் இன்னும் வெளுக்க வைத்திருந்தார்கள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். எல்லாம் பார்த்து முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: “எல்லாரும் இதில நான் நல்ல வடிவாம் டீச்சர். ஆனா இது நான் இல்லையே.” நான் அல்பத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். குடும்பமே கடன்பட்டுச் செய்த விழாவில் அவளுக்குக் கிடைத்த செய்தி, உன் சொந்த முகத்தோடு இந்த மேடையில் உன்னை இருத்த எங்களால் முடியவில்லை என்பதுதான்.

உங்கள் வீட்டில் அது நடந்து முடிந்துவிட்டது. பரவாயில்லை. சுவரில் அந்தப் படம் தொங்கினால், அது அங்கே இருக்கட்டுமா என்று அவளிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தங்கை இருந்தால் அடுத்த முறைக்கு இதை நினைவில் வையுங்கள்: பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள், யாருக்குச் சொல்வது என்பதையும் கேளுங்கள், பேனரை விடுங்கள். தண்ணீர் வார்ப்பும் குரவையும் வீட்டு வளவில் போதும். கோயிலுக்குப் போகாத நாட்களைப் பற்றி அவள் கேட்டால், வழக்கம் என்று சொல்லலாம், உங்கள் நம்பிக்கையைச் சொல்லலாம். ஊத்தை, அசுத்தம் என்ற சொல்லை மட்டும் அவளுடைய உடம்போடு சேர்க்க வேண்டாம். அந்த இரத்தத்தோடு கழன்று வருவது கருப்பையின் உட்படலம். பிள்ளை தங்கினால் அதுதான் மெத்தை.

அப்பா இப்போது அவளோடு எப்படி? இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் பிள்ளைகள் சொல்லுவார்கள். “பெரியபுள்ளயான பிறகு அப்பா என்னோட கதைக்கிறல்ல.” முந்தி சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு போன மனிதர், இப்போது அவள் அறைக்குள் வந்தால் எழும்பிப் போகிறார். அவருக்கு அது கூச்சம், மரியாதை. எப்படி நடப்பது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைக்கு விளங்குவது வேறு: என் உடம்பில் ஏதோ பிழை, அதனால் அப்பாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவரிடம் சொல்லுங்கள், பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். டியூசனால் கூட்டி வரும்போது இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கட்டும். சந்தைக்குப் போகும்போது எந்த மீன் வாங்குவோம் என்று கேட்கட்டும். தகப்பன் வெளிநாட்டில் என்றால் வீடியோக் கோலில் முதல் கேள்வி “ஏன் மகள் மெலிஞ்சிட்ட, கறுத்திட்ட” என்று வரக்கூடாது. தாய் குவைத்திலோ சவூதியிலோ இருந்து, அம்மம்மா வளர்க்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் சின்னத் திரையில் கிடைக்கிற 10 நிமிடம்தான் அவளுக்குத் தாய்.

நம்முடைய ஊருக்கே உரிய இன்னொரு பாரம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, தமிழரிலும் முஸ்லிம்களிலும், வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற குலப்பிரிவும் தாய்வழி. இது நல்ல வழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். பெண் தன் தாய், பெரியம்மா, சகோதரிமாருக்கு நடுவிலேயே இருக்கிறாள், தனித்துப் போவதில்லை. ஆனால் அதே வழக்கம் பிள்ளையின் காதில் வேறு மாதிரி விழுகிறது. “உனக்கு வீடு கட்டத்தான் அண்ணா கட்டாருக்குப் போனவன்.” “உன்ட வீட்டுக்கு மேசன் கூலி, சீமெந்து விலை தெரியுமா?” நாளும் பொழுதும் இதைக் கேட்கிற பிள்ளை தன்னை ஒரு கடனாகக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறாள். 10ஆம் தரத்தில் படித்த ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “நான் வெள்ளையா இருந்தா அப்பா ஒரு ரூம் குறைச்சுக் கட்டலாம் டீச்சர்.” நிறத்துக்கும் சீதனத்துக்கும் இடையில் நாம் பெரியவர்கள் இரகசியமாகப் போடுகிற கணக்கை அந்தப் பிள்ளை சத்தமாகச் சொன்னாள். உங்கள் மகள் கிரீம் பூசுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று யோசியுங்கள். வீட்டைப் பற்றிக் கதைக்கத்தான் வேண்டும் என்றால், “இது உன்ட வீடு, உன்ட அம்மம்மா அம்மாக்குத் தந்த மாதிரி நான் உனக்குத் தாறன்” என்று சொல்லுங்கள். கடனாகச் சொல்லாமல் உரிமையாகச் சொல்லுங்கள். கலியாணப் பேச்சை இப்போதைக்கு வாசலுக்கு வெளியே வையுங்கள். பொதுச் சட்டத்தில் கலியாண வயது 1995இலிருந்து 18. 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 13 வயதில் அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

என்ன வேலை? உடம்பை வைத்து ஏதாவது செய்கிற வேலை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் 200 மீற்றர் ஓடுகிற ஒரு பிள்ளை இருந்தாள். 7ஆம் தரத்தில் வலய மட்டம் வரைக்கும் போனாள். பெரியபிள்ளையான பிறகு மைதானத்துக்கு வரவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டையும் முன்னால் மடித்துக் கூனிக்கொண்டு நடந்தாள். கேட்டால் வயிற்று நோவு என்றாள். கடைசியில் விசயம் இதுதான்: அவளிடம் அளவான உள்ளாடை ஒன்றுகூட இல்லை. ஓடும்போது மைதானத்துக்கு வெளியே நின்ற யாரோ சிரித்திருக்கிறார்கள். தாயோடு கதைத்தோம். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓடும்போது போடுகிற இறுக்கமான உள்ளாடை இரண்டு வாங்கிக் கொடுத்தார். அடுத்த தவணையில் அவள் மறுபடி ஓடினாள், முதலாவதாக வரவில்லை, நான்காவதாக வந்தாள். ஆனால் கூன் போய்விட்டது. சில நேரம் தன்னம்பிக்கை என்று நாம் மேடையில் பேசுகிற சாமான், கடையில் அளவு பார்த்து வாங்க வேண்டிய ஒரு துணி.

ஓடுகிற பிள்ளைக்குக் கால் என்பது ஓடுகிற கால். சைக்கிள் மிதிக்கிறவளுக்குத் தொடை என்பது பலம். பார்க்கப்படுகிற உடம்பாக மட்டும் வளர்கிற பிள்ளைக்குத்தான் கண்ணாடி பெரிதாகிறது. நம்மிடம் வாவி இருக்கிறது, கடல் இருக்கிறது. பொடியன்மார் எல்லாம் நீந்துவார்கள், பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் நம்முடைய கரையில் பெண்களும் சிறுபிள்ளைகளுமே கூடுதலாக இறந்தார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது, மரமேறிப் பழக்கமில்லை. உடுத்திருந்த துணி காலைச் சுற்றியது. கையில் பிள்ளைகள் வேறு. அடக்கம் மட்டும் பழக்கிய உடம்புக்குத் தன்னைக் காப்பாற்றப் பழக்கவில்லை. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். நெற்போல், கரம், சைக்கிள், பறை, கூத்து எதுவென்றாலும் சரி. கூத்தில் பெண் வேசத்தையும் ஆண்களே கட்டிய ஊர் இது. இப்போது பெண்பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடுகிறார்கள், வட்டக்களரியில் காலை உதைத்து ஆடும்போது ஒருத்தியும் தன் நிறத்தை நினைப்பதில்லை.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் வருகிற முகங்கள் ஃபில்டர் போட்டவை என்று அவளுக்கே தெரியும், அதைப் பாடமாக எடுக்க வேண்டாம். அவளுடைய போனிலேயே ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் இரண்டு பேருமாகப் படம் பிடித்துப் பாருங்கள், அது போதும். அதைவிடப் பெரிய விசயம், யாராவது அவளுடைய படத்தை வைத்து மிரட்டினால் அவள் முதலில் யாரிடம் வருவாள் என்பது. இன்றே சொல்லி வையுங்கள்: “நீ என்ன பிழை செய்திருந்தாலும் முதல்ல என்னட்ட சொல்லு. அடிக்கமாட்டன், போனைப் பறிக்கமாட்டன், படிப்பை நிப்பாட்டமாட்டன்.” படிப்பு நிற்கும் என்ற பயத்தால்தான் பிள்ளைகள் மாதக்கணக்காக மறைக்கிறார்கள். அப்படி ஒன்று நடந்தால் மிரட்டியவனுக்குக் காசும் கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். வந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்துக்கொண்டு 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. பொலிஸிலும் பெண்கள், சிறுவர்களுக்கான பிரிவு இருக்கிறது.

அவள் எரிந்து விழுகிறாள், கதவை அடித்துச் சாத்துகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் வரும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்தி பாடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே கூடி ஒரு பெண்ணின் கோபத்துக்கு முன்னால் நின்று, பாட்டுப் பாடிக் குளிர வைக்கிறது. அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டுதான் பாடுகிறோம். வீட்டில் மகள் கோபித்தால் மட்டும் “பொம்பிளப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு வாய்” என்கிறோம். கோபத்தை வெளியே காட்டுகிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை வருவதில்லை. உள்ளே திருப்பிக்கொள்கிற பிள்ளைதான் கவலை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல் இருந்தால், சாப்பிட்டதை வேண்டுமென்றே சத்தி எடுத்தால், வெயிலிலும் நீளக் கை போட்டுக் கையை மறைத்தால், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்ற மாதிரிக் கதை வந்தால், பொறுத்துப் பார்க்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். ஊரில் கதை வரும் என்று நினைத்தால், கதை வந்துவிட்டுப் போகட்டும்.

சரி, இன்றைக்கு இரவு என்ன சொல்வது? நேரே முன்னால் இருத்தி வைத்துக் கதைக்காதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் வா என்று கூப்பிடுங்கள். வரமாட்டாள் என்றால் நாளைக்குக் கூப்பிடுங்கள். அவள் படியில் கீழே, நீங்கள் பின்னால். இரண்டு பேருக்கும் மற்றவர் முகம் தெரியாது, அதனால் வாய் இலகுவாகத் திறக்கும். கிரீம் கதையை முதலில் எடுக்க வேண்டாம். உங்களுடைய 13 வயதைச் சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தீர்கள், யார் உங்களுக்கு என்ன பட்டம் தெளித்தார்கள், எந்தச் சட்டையைப் போட வெட்கப்பட்டீர்கள், யாரைப் போல இருக்க ஆசைப்பட்டீர்கள் என்று, உள்ளதை உள்ளபடி. முடிவில் புத்தி சொல்லிக் கதையைக் கெடுத்துவிடாதீர்கள். சொல்லிவிட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பாள். பிறகு பெரும்பாலும், “அப்ப அம்மம்மா உங்களுக்கு என்ன சொன்னவ?” என்று கேட்பாள்.